ஏரிநாடும் அறநிலையமும்

ஓர் இடத்தின் எழில் யாருக்கு உரியது? அந்நிலத்துக்கு உறுதி வைத்திருப்பவனுக்கா, அதிலே உழைத்து உண்பவனுக்கா, அன்றி அதனைக் கண்டு மகிழ்வார் அனைவருக்குமா? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்து தேசத்தில் இவ்வினா பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பலகாலும் எழுந்தது. அதற்கு விடை காணும் முயற்சியிலிருந்தே, இன்று உலகின் மிகப் பெரிய அறநிறுவனங்களுள் ஒன்றாகிய 'நஷனல் றஸ்ற்' தோன்றியது. இதனைத் தேசிய அறநிலையம் எனத் தமிழில் வழங்கலாம். அந்நிலையம் ஏரிநாடு எனப்படும் மலைப்பகுதியைக் காத்த வரலாற்றை ஆராய்ந்து, அக்காவலின் உண்மைத் தன்மை யாதென்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரிநாடு இங்கிலாந்தின் வடமேற்குப் புறத்தில் உள்ளது. 1974ஆம் ஆண்டுவரை கம்பர்லாந்து, வெஸ்ற்மோர்லாந்து, லங்காஷயர் என்னும் மூன்று பிரிவுகளிலும் பரந்து கிடந்த இப்பகுதி, அவ்வாண்டிலே கும்பிரியா என்ற ஒரே பிரிவினுள் அடங்கிற்று. பண்டைக்காலத்திலே பனிக்கட்டியாறுகள் மலைகளை அராவிச் சென்ற பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கி ஏரிகள் ஆயின. நடுமலையிலிருந்து நாற்புறமும் விரிந்து செல்லும் இப்பள்ளத்தாக்குகளைச் சக்கரத்தின் ஆரைக்கால்களுக்கு ஒப்பிட்டார் கவிஞர் வேட்ஸ்வேத். ஏரிகளுட் பெரியதாகிய விண்டமியர் பத்து மைலுக்கு மேற்பட்ட நீளமுடையது. இங்கிலாந்தின் அதியுயர் சிகரமாகிய ஸ்காவெல் பைக் இங்கேதான் உள்ளது. அதன் உயரம் 978 மீற்றர். நமது பிதுருதலாகலையின் உயரத்திற் பாதிதானும் இல்லை. ஆகவே, ஏரிநாட்டின் பெருமை மலைகளின் உயரத்தால் வந்ததன்று. நீரும், மலையும், கல்வேலி சூழ்ந்த பசும்புல் நிலமும், வெள்ளை தீட்டிய சிறு மனைகளும் ஒரே பார்வையில் அடங்கி நிற்கும் இசைவினால் வந்ததாகும்.

இவ்விசைவை உலகறியச் செய்தவர் வேட்ஸ்வேத். 1770இல் இந்நாட்டின் கொக்கர்மௌத் என்னும் ஊரிலே பிறந்த அவர், 1810இல் ஒரு சித்திரத் தொகுதிக்கு முன்னுரையாகத் தம் பெயர் கூறாது எழுதிய கட்டுரை, பின்னர் பலமுறை விரிவுற்று, 1835ஆம் ஆண்டுப் பதிப்பிலே ஏரிநாட்டு வழிகாட்டி நூலாக நிறைவு பெற்றது. காணுங் கண்ணும் துய்க்கும் உள்ளமும் உடையார் எவருக்கும் இந்நாட்டில் உரிமையுண்டு. ஆகவே இது நாடு முழுவதற்கும் பொதுவான ஆதனம் போன்றது என்னுங் கருத்து அந்நூலிலே காணப்படுகின்றது. அக்காலத்தில் இது புதுமையான கருத்தாகும். தனியார் நிலத்திலே பொதுமக்களுக்கு ஒரு பங்கு உண்டென்று கூற அன்றைய சட்டத்தில் இடமில்லை.

அவ்விடமின்மை விரைவிலே வெளிப்பட்டது. 1844இல் கெண்டலிலிருந்து விண்டமியர்வரை புகையிரதப்பாதை அமைக்கும் திட்டம் எழுந்தபொழுது, முதுமையெய்தியிருந்த வேட்ஸ்வேத் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதிக் கண்டித்தார். ஆயினும் 1847இல் புகையிரதம் ஓடியது. கவிஞர் கேட்ட உரிமையிலும் ஒரு முரண்பாடு இருந்ததை நாம் மறைத்தல் ஆகாது. எல்லோருக்கும் பொதுவென்று அவர் கூறிய நாட்டுக்கு ஆலைத்தொழிலாளர் கூட்டமாய் வருவதை அவர் விரும்பவில்லை. எழிலைக் காப்பவர் அதனை யாருக்காகக் காக்கின்றனர் என்ற வினா அன்றே பிறந்துவிட்டது.

இதனினும் பெரிய தாக்குதல் மன்செஸ்ரர் மாநகரத்திலிருந்து வந்தது. பருத்தியாலைகளாற் பெருகிய அந்நகருக்கு நன்னீர் தேவைப்பட்டது. தேர்ல்மியர் என்னும் ஏரிக்கு அணைகட்டி நீர்மட்டத்தை உயர்த்தி, ஏறத்தாழ நூறு மைல் நீளமான கால்வாயாலும் குழாயாலும் நீரைக் கொண்டுசெல்ல நகரசபை திட்டமிட்டது. எதிர்ப்புச் சங்கம் ஒன்று தோன்றியது; ஜோன் றஸ்கின் முதலிய அறிஞர் கடுமையாக எழுதினர். 1878இல் முதல் மசோதா தோல்வியுற்றதெனினும், அடுத்த ஆண்டிலே சட்டம் நிறைவேறியது. 1894இல் தேர்ல்மியர் நீர் மன்செஸ்ரரை அடைந்தது. ஏரிக்கரையிலிருந்த மனைகளும் வயல்களும் நீரில் மறைந்தன. பின்னர் கரையெங்கும் ஊசியிலை மரங்கள் நெருக்கமாக நடப்பட்டன. நகரமக்கள் நல்ல நீர் குடிக்கவேண்டியது நியாயமே. வாந்திபேதியால் நகரங்கள் அழிந்த காலம் அது. எனினும் எதிர்த்தவர்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. நிலத்திலே உடைமையில்லாதவன் எழுப்பும் குரல் பாராளுமன்றத்திலே விண்ணப்பமாகுமேயன்றித் தடையாகாது.

இப்பாடத்தைக் கற்றவர் மூவர். முதல்வர் கனன் ஹாட்விக் றோன்ஸ்லி. 1851இற் பிறந்து, ஒக்ஸ்போட்டிலே றஸ்கினிடம் ஈடுபாடு கொண்ட இவர், ஏரிநாட்டிலே மதகுருவாகப் பணியாற்றியவர். 1883இல் ஹொனிஸ்ரர் மலைக் கற்பலகைகளை ஏற்றிச் செல்வதற்கெனத் திட்டமிடப்பட்ட ஒரு புகையிரதப்பாதையை எதிர்த்து வெற்றி கண்டு, அவ்வாண்டிலேயே ஏரிநாட்டுப் பாதுகாப்புச் சங்கத்தையும் நிறுவினார். இரண்டாமவர் ஒக்டேவியா ஹில் அம்மையார். இலண்டனிலே ஏழைகளின் குடியிருப்புக்களைத் திருத்தி நடத்தியவர். காற்றும் வெளியும் ஏழைக்கும் வேண்டும் என்பதை அச்சேரிகளிலே கண்டறிந்தவர். மூன்றாமவர் சேர் ரொபேட் ஹன்ரர் என்னும் சட்டத்தரணி. பொதுப் புல்வெளிகளைச் செல்வர் வேலியிட்டு அடைத்த காலத்திலே, 1865இல் தோன்றிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்துக்காக வழக்காடியவர்.

வழக்கிலே வென்றாலும் அச்சங்கத்துக்கு ஒரு குறை இருந்தது. நிலத்தைத் தன் பெயரிலே வாங்கி வைத்திருக்கும் சட்டத்தகுதி அதற்கில்லை. எனவே, பொதுமக்களின் சார்பிலே நிலத்தை உடைமையாகக் கொள்ளத்தக்க ஒரு கூட்டுநிறுவனம் வேண்டுமென 1884இல் ஹன்ரர் எடுத்துரைத்தார். அவர் எண்ணியது கம்பனி ஒன்றை. கம்பனி என்ற சொல்லை ஒக்டேவியா அம்மையார் விரும்பவில்லை. வாணிகத்தை நினைவூட்டும் அச்சொல்லினும் அறத்தை நினைவூட்டும் 'றஸ்ற்' என்ற சொல்லே தக்கதென்றார். பெயர் மாற்றம் சிறிதாயினும் கருத்து மாற்றம் பெரிது. கம்பனியின் சொத்து பங்காளருக்கு உரியது. இலாபம் வருமாயின் விற்கப்படுவது. நம்பிக்கைப் பொறுப்பாக ஏற்கப்பட்ட ஆதனமோ, அதனை வைத்திருப்பவருக்கு உரியதன்று. கோயிலுக்கும் மடத்துக்கும் தருமசாதனம் எழுதி வைக்கும் வழக்கமுடைய நமக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1893இல் ஏரிநாட்டிலே எழில்மிக்க சில நிலங்கள் விலைக்கு வந்தமை இம்மூவரையும் விரைவுபடுத்திற்று. 1895 சனவரி 12ஆம் நாள் தேசிய அறநிலையம் சட்டப்படி பதிவுபெற்றது. அதற்கு முதன்முதற் கிடைத்த நிலம் ஏரிநாட்டிலன்றி வேல்ஸ் தேசத்துக் கடற்கரைக் குன்றொன்றிலே கிடைத்த ஐந்து ஏக்கர் அளவான நன்கொடையாகும். ஏரிநாட்டின் வாய்ப்பு 1902இல் வந்தது. டேர்வென்ற்வோட்டர் ஏரியின் மேல்கரையிலுள்ள பிராண்டெல்ஹவ் என்னும் 108 ஏக்கர் காட்டுநிலம் விற்கப்பட இருந்தது. வேண்டப்பட்ட 6,500 பவுண் ஐந்தே திங்களிற் சேர்ந்தது. ஈந்தோருட் செல்வர் மட்டுமல்லர், வடபகுதி ஆலைநகரங்களின் தொழிலாளரும் இருந்தனர். ஒருமுறை கண்ட அவ்வேரியை மறக்கவியலவில்லை எனக் கூறி, தம் கூலியிலிருந்து சில சிலிங்குகளை அனுப்பியோரும் உளர். புகையிரதத்திலே வருவார் என்று வேட்ஸ்வேத் அஞ்சிய அதே மக்கள், ஏரியைக் காக்கப் பணம் அனுப்பினர். பொதுவுரிமை என்ற கவிஞரின் சொல்லுக்கு உண்மையான பொருளை நல்கியவர் இவர்களே. 1906இல் அல்ஸ்வோட்டர் ஏரிக்கரையிலே கௌபறோ என்னும் 750 ஏக்கர் நிலமும் இவ்வாறே 12,800 பவுண் திரட்டி வாங்கப்பட்டது.

வாங்கினாற் போதுமா? இன்று வாங்கியதை நாளை வரும் நிருவாகிகள் விற்கமாட்டார் என்பதற்குப் பிணை யாது? இதற்கு ஹன்ரர் கண்ட வழியே 1907ஆம் ஆண்டின் தேசிய அறநிலையச் சட்டம். தன் நிலத்தை 'பராதீனப்படுத்தத் தகாதது' எனப் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தை இச்சட்டம் அந்நிலையத்துக்கு அளித்தது. அவ்வாறு பிரகடனஞ் செய்த நிலத்தை நிலையமே நினைத்தாலும் விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. அரசாங்கம் கட்டாயமாக எடுக்க விரும்பினும், நிலையம் எதிர்க்குமாயின் பாராளுமன்றத்தின் தனி நடைமுறைக்கு உட்படவேண்டும். பிறர் கையை மட்டுமன்றித் தன் கையையும் கட்டிக்கொள்வதே இவ்வதிகாரத்தின் சிறப்பு. தேர்ல்மியரிலே விண்ணப்பமாக நின்ற குரல் இங்கே சட்டத்தடை ஆயிற்று.

முதலாம் உலகப்போர் முடிந்தபின் மலைச்சிகரங்களும் அறநிலையத்தைச் சேர்ந்தன. போரில் மாண்ட ஏரிநாட்டு வீரர் நினைவாக ஸ்காவெல் பைக்கின் உச்சியை லெக்கன்பீல்ட் பிரபு நன்கொடையாகக் கொடுத்தார். மலையேறுவோர் சங்கம் ஒன்று, மாண்ட தன் உறுப்பினர் நினைவாகக் கிரேற் கேபிள் முதலிய மலைகளின் மேற்பகுதியை விலைக்கு வாங்கி ஒப்படைத்தது. நினைவுச்சின்னமாகக் கல்லை நடுவதற்குப் பதிலாக மலையையே எல்லோர்க்கும் உரிமையாக்கிய இச்செயல் எண்ணத்தக்கது.

நிற்க. இதுகாறும் கூறியவை நிலத்தை வாங்கிய வரலாறு. ஆனால், காக்கப்படவேண்டிய அவ்வெழில் எதனாலாயது என்பதை ஆராயின் வேறொரு வினா எழும். தமிழிலக்கண மரபிலே ஒரு திணையின் இயல்பு நிலத்தோடும் பொழுதோடும் முடிந்துவிடுவதில்லை. அந்நிலத்து மக்களும், விலங்கும், உணவும், தொழிலும் கருப்பொருள்களாய் அமைந்தே திணையை நிறைவாக்குகின்றன. ஏரிநாட்டுக்கு இவ்வுண்மை முற்றாகப் பொருந்தும். அங்கே மலைச்சரிவுகள் மரமின்றிப் பசும்புல்லாய்த் தோன்றுவது ஆடுகளின் மேய்ச்சலால். சரிவின்மேற் கோடிட்டாற்போல் ஏறும் கல்வேலிகள் சுண்ணமின்றி அடுக்கிய உழவர் கைத்திறனால். பள்ளத்தாக்கின் சிறு வயல்கள் பல தலைமுறை உழைப்பால். முல்லைநிலத்து ஆயர் வாழ்வு போன்ற ஒரு மேய்ச்சல் வாழ்வே அந்நாட்டின் தோற்றத்தை வரைந்தது. அவ்வாழ்வு அழியுமாயின், உறுதி அறநிலையத்தின் பெட்டியில் இருந்தும் பயனில்லை.

இதனை நன்குணர்ந்தவர் பியற்றிக்ஸ் பொற்றர் அம்மையார். 1866இல் இலண்டனிற் பிறந்த இவரை, முயற்குட்டி பீற்றர் முதலிய சிறுவர் கதைகளால் உலகம் அறியும். 1882இல் குடும்பத்தோடு விடுமுறைக்கு ஏரிநாடு சென்றபொழுது கனன் றோன்ஸ்லியின் நட்புக் கிடைத்தது. நூல்வருமானத்தைக் கொண்டு 1905இல் ஹில் ரொப் என்னும் பண்ணையை வாங்கினார். 1913இல் அவ்வூர்ப்புறத்துச் சட்டத்தரணி வில்லியம் ஹீலிஸ் என்பவரை மணந்தபின், கதையெழுதுவதினும் ஆடு வளர்ப்பதிலே அவர் கவனம் மிகுந்தது. 1923இல் ட்ரௌற்பெக் பார்க் என்னும் பெரும் பண்ணையை வாங்கி, நோயுற்றிருந்த மந்தையைச் சீர்செய்தார். 1930இல் மொங்க் கொனிஸ்ரன் என்னும் 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட ஆதனம் விலைக்கு வந்தபொழுது முழுவதையும் தாமே வாங்கி, பாதியை வாங்கிய விலைக்கே அறநிலையத்துக்குக் கொடுத்து, சிலகாலம் அதனை நிருவகித்தும் உதவினார். 1943 திசெம்பரிலே அவர் இறந்தபொழுது, 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் பதினான்கு பண்ணைகளும் அறநிலையத்துக்கென எழுதிவைக்கப்பட்டிருந்தன.

அவருடைய மரணசாதனத்திலே நிலத்தினும் முக்கியமானது ஒரு நிபந்தனை. தம் மலைப்பண்ணைகளில் உள்ள மந்தைகள் தூய ஹேர்ட்விக் இனத்தனவாகவே தொடர்ந்து பேணப்படவேண்டும் என்பது அது. ஹேர்ட்விக் என்பது அம்மலைக்கே உரிய ஆட்டினம். கறுப்பாய்ப் பிறந்து, வயதேற நரைத்து, பனியையும் மழையையும் தாங்கி வேலியில்லாத உயர்மலையிலே மேய்வது. தாய் மேய்ந்த சரிவைக் குட்டி தாயோடு திரிந்து அறிந்துகொள்ளும். அறிந்தபின் அவ்வெல்லையை விட்டுப் பெரும்பாலும் அகலாது. இவ்வறிவு மந்தைக்குள்ளே தலைமுறை தலைமுறையாக வருவது. ஆகவே மந்தையை ஒருமுறை விற்றுவிட்டால், பணங்கொடுத்து வேறு ஆடுகளை வாங்கி அவ்விடத்தில் எளிதில் நிலைநிறுத்தல் இயலாது. இதனாலே அங்குப் பழைய வழக்கமொன்று உண்டு. மந்தை பண்ணையோடு சேர்ந்தது. குத்தகைக்காரன் வரும்பொழுது எண்ணியும் தரம்பார்த்தும் பெற்று, போகும்பொழுது அவ்வாறே எண்ணியும் தரம்பார்த்தும் ஒப்படைக்கவேண்டும். பொற்றர் அம்மையார் காத்தது இவ்வழக்கத்தையேயாம்.

அறநிலையம் வாங்கவியலாத நிலங்கள் மிகப் பல. அவற்றின்பொருட்டு வேறு அறச்சங்கங்களும் எழுந்தன. போர்க்காலத்து மரத்தட்டுப்பாட்டின் விளைவாக 1919இல் அமைந்த அரசாங்க வனக்குழு, எனடேல் முதலிய பள்ளத்தாக்குகளிலே ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டது. 1934இல் தோன்றிய ஏரிநாட்டு நண்பர் சங்கம் இதனை எதிர்த்து வாதாடியதன் பயனாக, 1936இல் ஏரிநாட்டின் நடுவேயுள்ள 300 சதுரமைல் அளவான பகுதியிலே மரம் நடுவதில்லையென உடன்பாடு ஏற்பட்டது. 1951இல் ஏரிநாடு தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆயினும் மன்செஸ்ரரின் தாகம் அடங்கவில்லை. மாடேல் என்னும் சிற்றூரை நீரில் ஆழ்த்தி ஹோஸ்வோட்டர் ஏரியை முன்னரே பெருக்கிய அந்நகரசபை, பின்னர் அல்ஸ்வோட்டரை நாடியது. 1962 பெப்புருவரி 8ஆம் நாள் பிரபுக்கள் சபையிலே பேர்க்கெற் பிரபு அதனை எதிர்த்து ஆற்றிய உரையின்பின், 70 வாக்குகளுக்கு 36 என்ற கணக்கில் அத்திட்டப் பகுதி நீக்கப்பட்டது. இரண்டு நாளில் பேர்க்கெற் பிரபு காலமானார். பின்னர் அல்ஸ்வோட்டரிலிருந்து நகரத்துக்கு நீர் சென்றது. ஆனால் நீரேற்றும் நிலையம் நிலத்தின்கீழே மறைக்கப்பட்டது. நகரம் நீர் பெறுவதும் ஏரி எழில் இழவாதிருப்பதும் ஒருங்கே இயலும் என்பது, எதிர்ப்பு எழுந்தமையாலேயே தெளிவாயிற்று.

இன்று தேசியப் பூங்காவின் நிலத்திலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி அறநிலையத்துக்கு உரியது. அந்நிலையத்தின் உறுப்பினர் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர். அதன் அன்றாடப் பணி ஆரவாரமற்றது. பண்ணைகளைக் குத்தகைக்கு விடுதல், கல்வேலி திருத்துதல், ஆண்டுதோறும் வருகின்ற ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் காலடியால் தேய்ந்த மலைப்பாதைகளைப் பிற அமைப்புக்களோடு சேர்ந்து கல்பாவிச் செப்பனிடுதல் என்பன அவை.

எனினும் இடர் நீங்கிவிடவில்லை. 2001இல் பரவிய கால்வாய் நோயின்பொழுது கும்பிரியாவிலே பெருந்தொகையான ஆடுமாடுகள் கொல்லப்பட்டன. மலையறிந்த மந்தைகளே அற்றுப்போமோ என்ற அச்சம் எழுந்தது. ஹேர்ட்விக் கம்பளிக்கு விலை குறைவு. மயிர் கத்தரிக்கும் செலவுக்கே அது போதாத காலம் உண்டு. அரசாங்க உதவியின்றி மலையுழவர் வாழ்தல் அரிது. 2016இல் போரோடேல் பள்ளத்தாக்கிலே தோர்ணித்வெயிற் என்னும் பண்ணை ஏலத்துக்கு வந்தபொழுது, அறநிலையம் 950,000 பவுணுக்கு நிலத்தை மட்டும் வாங்கியது. பண்ணைவீடு வேறாகப் போயிற்று. வீடில்லாத நிலத்திலே உழவன் எவ்வாறு நிலைப்பான் என்று பலர் கண்டித்தனர். இயற்கையை மீட்பதே நோக்கமென நிலையம் விடை கூறிற்று. இதனை எளிதில் தள்ளிவிடலும் ஆகாது. மிகுதியான மேய்ச்சல் மரங்களையும் அரிய பூண்டுகளையும் அழிக்கும் என்பது இயற்கைநூலார் முடிபு. எனடேலிலே 2003ஆம் ஆண்டு முதல் பிற அமைப்புக்களோடு சேர்ந்து ஆடுகளைக் குறைத்து, காட்டை அதன் போக்கில் வளரவிடும் முயற்சியும் நடைபெறுகின்றது. 2017இல் யுனெஸ்கோ ஏரிநாட்டை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபொழுது, மனிதனும் இயற்கையும் கூடிச் சமைத்த பண்பாட்டு நிலத்தோற்றம் என்றே சேர்த்தது. இவ்விரு நோக்கங்களுக்கும் இடையே நடுநிலை காண்பதே இன்று அந்நிலையத்தின் முன்னுள்ள சோதனை.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவன மூன்று. உடைமையில்லாத எதிர்ப்பு வலியற்றது என்பதைத் தேர்ல்மியர் காட்டிற்று. விற்கவியலாத உடைமையே நிலையான காவல் என்பதை 1907ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவிற்று. அவ்வுடைமையும், நிலத்திலே உழைப்பவன் இல்லாவிடின் வெறும் பத்திரமாய் முடியும் என்பதைப் பொற்றர் அம்மையாரின் நிபந்தனை உணர்த்திற்று. இவற்றுள் மூன்றாவதே மறக்க எளியது. எனவே அதனையே மிகுதியும் நினைத்தல் வேண்டும்.

ஏரிநாட்டுக் குத்தகைக்காரன் மந்தையை எண்ணி வாங்கி எண்ணி ஒப்படைக்கின்றான். இடைப்பட்ட காலத்திலே பிறக்கும் குட்டியும் கிடைக்கும் கம்பளியும் அவனுடையவை, மந்தை அவனுடையதன்று. நம்பிக்கைப் பொறுப்பு என்னும் சொல்லுக்குச் சட்டநூல்கள் தரும் விளக்கங்களினும் இவ்வழக்கம் தரும் விளக்கம் தெளிவானது. அறநிலையமும் அம்மலைகளுக்கு ஒரு குத்தகைக்காரனே. அது எவ்வளவு பெற்றது என்பதன்று, எதனை எண்ணி ஒப்படைக்கப்போகின்றது என்பதே இனி வருவோர் கேட்கும் கணக்காகும்.